மினுங்கும் போர்வை

புதுச்சேரி
3.11.2025

தம்பி நெடுமாறனுக்கு,

உன் கடிதம் மிக்கேல் அண்ணன் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. போண்டாத் தட்டுக்கு அடியில் கிடந்து எண்ணெய் ஊறிப்போய்விட்டது. ஆனாலும் படித்தேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். என் போட்டோவை உன் சிநேகிதன் அன்பழகனிடம் யார் கொடுக்கச் சொன்னது? அவனும் அவன் குழுவும் அதைச் செல்போனில் வைத்துக்கொண்டு மார்க்கெட் முழுக்கக் காட்டியிருக்கிறார்கள். அதுவும் உன் கல்யாணத்தில் எடுத்த போட்டோ. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக இருக்கிறவளைக் காட்டி, "இந்தம்மா ரோட்டுல படுத்திருக்காங்களா?" என்று கேட்டால் யாருக்கு அடையாளம் தெரியும்? நான் வேலை செய்கிற லாட்ஜ் வாசலிலும் வந்து கேட்டிருக்கிறார்கள். அங்கே யாருக்கும் நான் எங்கே படுக்கிறேன் என்று இதுவரை தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. சந்தோஷமா?

போனில் ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். மிக்கேல் அண்ணன் இரண்டு தடவை போனை நீட்டினார், நான்தான் வாங்கவில்லை. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். எழுதினால் நிதானமாகத் திட்டலாம்.

குருசுக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டை வீட்டுக்காரர் டூரிஸ்ட்டுகளுக்கு லாட்ஜாக மாற்றிவிட்டார். சுவருக்கெல்லாம் மஞ்சள் அடித்து, முற்றத்தில் ஒரு ஊஞ்சல் போட்டிருக்கிறார்கள். அந்த லாட்ஜில்தான் படுக்கை விரிப்பு துவைக்கிறேன். என் புருஷன் உயிர் விட்ட அறைக்கு இப்போது பிரெஞ்சில் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும், மார்க்கெட்டுக்குப் பின்னால் மூடிக் கிடக்கும் ஜவுளிக்கடை வாசலுக்கு வந்துவிடுவேன். துணி வைத்திருக்கும் பை மிக்கேல் அண்ணன் கடையில் இருக்கும்.

தனியாக இல்லை, பயப்படாதே. ராஜாம்பாள் என்று ஒருத்தி என் பக்கத்தில் படுக்கிறாள். அறுபது வயசிருக்கும். ஒரு சொல்தா வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவள். பிரான்சு பட்டாளத்துப் பென்ஷன்காரக் குடும்பம். அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிரான்சுக்கே போய்விட்டார்கள், இவள் வாசலில் நின்றுவிட்டாள். இப்போது பூக்கட்டுகிறாள். யார் என்ன கொடுத்தாலும் பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி சொல்வாள். மிக்கேல் அண்ணன் டீ கொடுத்தாலும் மெர்சிதான். படுக்கும்போது என் கையையும் அவள் கையையும் ஒரு துணிப்பட்டையால் சேர்த்துக் கட்டிக்கொள்வோம். லாட்ஜில் கிழிந்துபோன விரிப்பிலிருந்து நான் கிழித்தது. ஒருத்தியை எவனாவது தொட்டு இழுத்தால் இன்னொருத்தி விழித்துக்கொள்வாள். இங்கே பெண்கள் எல்லோரும் இப்படித்தான் படுக்கிறோம்.

போன வாரம் எங்கள் சந்தில் படுத்திருந்த ஒருவர் காலில், டூரிஸ்ட் ஒருத்தன் காரைப் பின்னால் எடுக்கும்போது ஏற்றிவிட்டான். ஆள் படுத்திருந்ததே தெரியவில்லையாம். அன்றிலிருந்து எங்களுக்குப் பெரிய பயம் அதுதான்.

ஓசூருக்கு வா என்கிறாய். வந்தேனே. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மேனேஜர் வந்தார், நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன், யாரு என்று அவர் கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. வேலை செய்கிற வீட்டில் வேலைக்காரியாக இருப்பேன் தம்பி. கூடப் பிறந்தவன் வீட்டில் முடியாது.

அக்கா,
செந்தமிழ்ச்செல்வி


ஓசூர்
12.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கலைவாணிக்குக் காட்டவில்லை. குளியலறையில் வைத்துப் படித்தேன்.

அன்பழகன் மேல் கோபப்படாதே. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன், சொந்தக் காசைப் போட்டு ஊருக்குச் செய்கிறவன். நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாமல் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. போட்டோ கொடுக்காமல் வேறு எப்படித் தேடுவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயம். "வீட்டோட இருக்காங்க" என்றுதான் சொன்னேன். அதில் தப்பு என்ன இருக்கிறது? அவரேதான் சமையலுக்கா என்று கேட்டுக்கொண்டார். நான் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்காக விடிவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு போவதா? அப்பா மில்லில் வேலைநிறுத்தம் செய்த ரத்தம் உனக்குத்தான் அப்படியே வந்திருக்கிறது.

கார் ஏறிய விஷயத்தைப் படித்துவிட்டு எனக்கு வேலை ஓடவில்லை. நான் இங்கே பார்ப்பது என்ன வேலை? புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் இருந்தபோதும் சரி, கம்பெனி ஓசூருக்கு மாறி நானும் வந்த பிறகும் சரி, ஆட்கள் அடிபடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இருட்டில் ஆள் தெரியவில்லை என்றால் அதற்கு வழி இருக்கிறது அக்கா. எங்கள் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் மேல்சட்டையில் வெள்ளிப்பட்டை வைத்துத் தைத்திருப்போம். எவ்வளவு தூரத்திலிருந்து வெளிச்சம் பட்டாலும் பளிச்சென்று மினுங்கும். அதே பட்டையைப் போர்வையில் வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் போர்வை, தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. அன்பழகன் குழு எல்லோருக்கும் கொடுக்கும். இனி எந்த வண்டிக்காரனும் தெரியவில்லை என்று சொல்ல முடியாது.

உனக்கும் ஒன்று வரும். கோபத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

தம்பி,
நெடுமாறன்


புதுச்சேரி
26.11.2025

தம்பிக்கு,

போர்வை வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு வாரம் சாப்பிடமாட்டாய்.

பொழுது சாயும் நேரத்தில் அன்பழகன் ஆட்கள் வந்தார்கள். வரிசையில் நிற்க வைத்தார்கள். போர்வையின் ஒரு முனையை அவர்கள் பிடிக்க, மறுமுனையை நாங்கள் பிடிக்க, போட்டோ. "கொஞ்சம் சிரிங்கம்மா" என்று ஒரு பையன் சொன்னான். நான் முறைத்தேன், அடுத்த ஆளுக்குப் போய்விட்டான். ராஜாம்பாள் மட்டும் கைகூப்பி ஒவ்வொருத்தனுக்கும் மெர்சி சொன்னாள். அவள் பிறந்ததிலிருந்து புதுப் போர்வை போர்த்தியதில்லையாம். வாங்கியவுடன் மோந்து பார்த்தாள். தன்னுடையது மாறிப்போகக் கூடாது என்று ஒரு மூலையில் வாழைநாரை வைத்துப் பூத்தொடுப்பது போல மூன்று முடிச்சுப் போட்டிருக்கிறாள். நான் என்னுடையதைக் கீழே விரித்துக்கொள்கிறேன். மழையில் தரை ஊறிக்கிடக்கிறது.

நீ சொன்னது போலவே ஆட்டோ வெளிச்சம் திரும்பினால் வாசல் முழுக்க மினுங்குகிறது. சந்தில் யார் யார் எங்கெங்கே படுத்திருக்கிறோம் என்று கோடு போட்டது போலத் தெரிகிறது.

போர்வை தைக்கும் முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இங்கே இருக்கிற கழிப்பறையைச் சாயங்காலமே பூட்டிவிடுகிறார்கள். அதனால் பெண்கள் யாரும் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. ராஜாம்பாளுக்கு நீர்க்கடுப்பு வந்து துடித்தாள். அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லி உன் அன்பழகன் ஒருத்தரிடம் பேசினால் அவன் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கும். அதை எப்படிப் போட்டோ பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அவன்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. போர்வை வந்த வாரத்திலிருந்து ஒரு வெள்ளை வேன் வருகிறது. பெயர், ஊர், எதுவும் எழுதியிருக்காது. சந்து முனையில் நிற்கும். விளக்கை எங்கள் மேல் அடிக்கும். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுப் பின்னாலேயே போய்விடும். யாரும் இறங்குவதில்லை. மிக்கேல் அண்ணன் போலீஸ் வண்டி இல்லை என்கிறார். உனக்கு ஏதாவது தெரியுமா?

அக்கா


ஓசூர்
5.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பாராட்டி ஒரு வரி எழுதினாய் என்பதற்காகவே அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ இல்லாவிட்டால் திட்டுவதற்கும் எனக்கு ஆள் கிடையாது.

வேனைப் பற்றி அன்பழகனிடம் கேட்டேன். பயப்பட ஒன்றுமில்லை, நல்ல செய்திதான். அரியாங்குப்பம் தாண்டி, தென்னந்தோப்புக்குள் புதிதாக ஒரு இல்லம் ஆரம்பித்திருக்கிறார்கள். வீடில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்களாம். அவர்கள் வேன்தான் அது. புது வருஷத்துக்கு வெளியூர்க் கூட்டம் வந்து குவிவதற்குள் எல்லோரையும் சேர்த்துவிடலாம் என்று பார்க்கிறார்கள். மூன்று வேளை சாப்பாடு, கட்டில், வெந்நீர், வாராவாரம் டாக்டர். அன்பழகன் நேரில் போய் வாசலிலிருந்து பார்த்திருக்கிறான். சுத்தமான இடமாம், சத்தமே இல்லையாம்.

கழிப்பறை விஷயத்தையும் சொன்னேன். அது அரசாங்கத்து வேலை, நாம் தலையிட முடியாது என்கிறான். எனக்கும் அது சரியாகப் படவில்லை, மறுபடி பேசுகிறேன்.

அக்கா, என் வீட்டுக்கு வரமாட்டாய், சரி. அந்த வேனிலாவது ஏறு. ராஜாம்பாள் அம்மாவுக்கும் இதைப் படித்துக் காட்டு. அவர்கள் நீர்க்கடுப்புக்கு அங்கே வைத்தியம் கிடைக்கும். நான் விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நெடுமாறன்


புதுச்சேரி
17.12.2025

தம்பி,

இதை ஒரே மூச்சில் எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை ராஜாம்பாளுக்குப் படித்துக் காட்டினேன். வெந்நீர் என்ற இடத்தில் திரும்பப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அது நடந்தது போன வாரம்.

இப்போது சந்தில் பாதி இடம் காலி. கோயில் மதிலோரம் படுக்கும் அக்கா தங்கை இரண்டு பேர், ரயிலடிச் சுவர்ப்பக்கம் இருந்தவர்கள், பழைய பேப்பர் பொறுக்கும் அம்மாவாசை, எல்லோரையும் அந்த வேன் ஏற்றிக்கொண்டு போனது. யாரும் கத்தவில்லை. காலையில் பார்த்தால் இடம் பெருக்கிவிட்டது போலக் கிடக்கும். நல்ல இடத்துக்குத்தானே போகிறார்கள் என்று நானும் இருந்தேன்.

முந்தாநாள் அம்மாவாசை திரும்பி வந்தான். நடந்தே வந்திருக்கிறான். கால் ரெண்டும் வெடித்துக் கிடந்தது. மிக்கேல் அண்ணன் டீ கொடுத்துக் கேட்டார். கடலூர் ரோட்டில் எல்லை தாண்டிக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். அங்கே இருக்கிறவர்கள், பாண்டிக்காரன் இங்கே எதுக்கு என்று இந்தப் பக்கம் விரட்டியிருக்கிறார்கள். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ஆம்பளைங்கள எல்லாம் சவுக்குத் தோப்பாண்ட எறக்கி உட்டுட்டானுங்க. போர்வைய மட்டும் புடுங்கிக்கினானுங்க. பொம்பளைங்கள எறக்கல. அவங்க உள்ளயேதான் இருந்தாங்க. வண்டி வந்த வழியே திரும்பிப் போச்சு."

பெண்களை எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டால் தலையை ஆட்டுகிறான். அதற்கு மேல் பேசமாட்டேன் என்கிறான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைத்தான் உனக்கு எழுத வேண்டும். வேன் எல்லோரையும் ஏற்றுவதில்லை. எங்கள் வாசலுக்கு எதிரில் ஒருவன் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுப்பான். அவனைத் தாண்டிப்போய்ப் பக்கத்திலிருந்தவனைத்தான் எழுப்பினார்களாம். மினுங்குகிறவர்களை மட்டும்தான் ஏற்றுகிறார்கள், நெடுமாறா. இப்போது எல்லோரும் உன் போர்வையைச் சாக்கடையில் போடுகிறார்கள். நான் என்னுடையதைச் சுருட்டி மிக்கேல் அண்ணன் கடையில் வைத்துவிட்டேன்.

ராஜாம்பாள்தான் போடமாட்டேன் என்கிறாள். அம்மாவாசை குடிகாரன், அவன் பேச்சை நம்பலாமா என்கிறாள். நான் சண்டை போட்டேன். அதற்கு அவள் கேட்டாள்: "செல்வி, ஒன் தம்பி படிச்சவரு. பொய்யா எழுதுவாரு?"

அன்பழகனிடம் கேள். இன்றைக்கே கேள்.

செல்வி


ஓசூர்
22.12.2025

அக்கா,

உன் கடிதம் வந்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எதைச் செய்தாலும் அதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்கிறாயே என்று நினைத்தேன். நல்லது செய்ததுக்கு இதுவா கூலி என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அப்புறம் அன்பழகனுக்குப் போன் செய்தேன்.

அவன் சாதாரணமாகச் சொன்னான். "டேய், யார ஏத்தறதுன்னு அந்த இல்லத்துக்காரங்களே கேட்டாங்கடா. கடையில அசந்து தூங்குற மீன்காரங்க, பூக்காரங்க யாரையாச்சும் தெரியாம ஏத்திட்டா வம்பாயிடும் இல்ல? அதான், மஞ்சப் போர்வை போத்தியிருக்கவங்கதான் கேக்க நாதி இல்லாதவங்கன்னு சொல்லி வெச்சேன். ஒன் ஐடியாவால எவ்ளோ சுளுவா போச்சு பாரு."

கேட்க நாதி இல்லாதவர்கள். அவன் அதை நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

இல்லத்துக்கும் போன் செய்தேன். ஒரு பெண் பேசினாள், தேன் மாதிரி. கோயில் மதிலோரம் இருந்த அக்கா தங்கையைப் பார்க்க வரலாமா என்றேன். இங்கே இருக்கிறவர்கள் வெளியாட்களைப் பார்க்க விரும்புவதில்லை சார் என்றாள். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றேன். நிறையப் பேர் என்றாள். அப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் கேண்டீனில் நின்றுதான் எத்தனையோ வருஷமாகச் சாப்பிடுகிறேன், நூறு பேர் சாப்பிடுகிற இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் போனில் அவள் குரலுக்குப் பின்னால் ஒரு தட்டுச் சத்தம் இல்லை. ஒரு இருமல் இல்லை. அன்பழகன் சத்தமே இல்லை என்று சொன்னது இதைத்தானா என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

நான் முன்னால் எழுதியதை நம்பாதே. வாசலிலிருந்து பார்த்துவிட்டு ஒருத்தன் சொன்னதை நான் விசாரித்துவிட்டேன் என்று எழுதினேன். ராஜாம்பாள் அம்மாவின் போர்வையைப் பிடுங்கியாவது எறி. அவர்களையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். கலைவாணியிடம் சொல்லிவிட்டேன், ஹாலுக்குப் பக்கத்து அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். எனக்கு இங்கே வருஷக் கடைசி ஆடிட். முடிந்ததும் நானே வருகிறேன். அதுவரை மிக்கேல் அண்ணன் கண்ணில் படும்படி இரு.

தம்பி


புதுச்சேரி
29.12.2025

நெடுமாறா,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே ராஜாம்பாள் போய்விட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் விழித்தேன். சர்ச் மணி அடித்துக்கொண்டிருந்தது. என் கையில் பட்டை இருந்தது, மறுமுனையில் அவள் இல்லை. முடிச்சு அவிழவில்லை, பட்டை அறுபட்டிருந்தது. பூக்கட்டும்போது நார் அறுக்கிற பிளேடு அவளிடம் உண்டு. என்னை எழுப்பக் கூடாது என்று அவளே அறுத்துக்கொண்டு, அறுந்த முனையைச் சுருட்டி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் எழுந்தால் விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவாசை எதிர்வாசலிலிருந்து பார்த்திருக்கிறான். வேன் கதவைத் திறந்தவனிடம் மெர்சி சொல்லிவிட்டு ஏறினாளாம்.

அவளை உன் கடிதம்தான் ஏற்றியது. அதைப் படித்துக் காட்டியவள் நான். உன் மேல் மட்டும் பழி போடமாட்டேன்.

மறுநாள் பஸ் பிடித்து அந்தத் தோப்புக்குப் போனேன். ஆள் உயரத்துக்கு மேல் மதில், இரும்புக் கதவு. கதவில் சின்னதாக ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். ராஜாம்பாள் என்றேன். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். நேற்றுதான் வேனில் வந்தாள் என்றேன். ஒரு வாரமாக வேன் எங்கேயும் போகவில்லை என்றார்கள். உனக்கு அவங்க என்ன உறவு என்று கேட்டார்கள். பக்கத்தில் படுக்கிறவள் என்றேன். ஜன்னலை மூடிவிட்டார்கள்.

பின்பக்கம் சுற்றிப் போனேன். மதிலுக்கு மேலே மாடியில் கொடி கட்டியிருக்கிறது. உன் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. துவைக்கிறவள் நான், கொடியைப் பார்த்தால் எனக்குத் தெரியும். ஆள் இருக்கிற வீட்டுக் கொடியில் போர்வையோடு சேலை காயும், பாவாடை காயும், ஒரு துண்டாவது காயும். அங்கே போர்வை மட்டும்தான் இருந்தது, வரிசையாக. கடைசியில் இருந்த ஒன்றின் மூலையில் வாழைநார் முடிச்சு இருந்தது.

போலீசுக்கும் போனேன். கேட்டுக்கொண்டார்கள், பொங்கல் கழித்து வரச் சொன்னார்கள். புது வருஷப் பந்தோபஸ்து இருக்கிறதாம்.

கேட்டுப் போகிறவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது, தம்பி. ஏற்றிக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் திறக்கும். அதனால் மிக்கேல் அண்ணனிடமிருந்து என் போர்வையை வாங்கப்போகிறேன். திட்டாதே. அவர் ஏற்கெனவே திட்டிவிட்டார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கிழவி என்னை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு படுத்தவள். நான் போகாவிட்டால் அவளைக் கேட்க யார் போவார்கள்?

அந்தத் துணிப்பட்டையை என் போர்வையின் மூலையில் கட்டிவிடுவேன். நீ வந்து பார்த்தால் எது என்னுடையது என்று தெரியும்.

அக்கா


மிக்கேல் அண்ணன் டீக்கடை, புதுச்சேரி
4.1.2026

அக்கா,

ஆடிட்டை விட்டுவிட்டு வந்துவிட்டேன். உன் கடிதம் கைக்கு வந்தபோது புது வருஷம் பிறந்துவிட்டது. பஸ்ஸில் வந்த வழியெல்லாம் நீ போயிருக்கமாட்டாய் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

முப்பத்தோராம் தேதி போனாய் என்று மிக்கேல் அண்ணன் சொன்னார். அழுதார். போர்வையைத் தரமாட்டேன் என்று கல்லாவுக்கு அடியில் ஒளித்து வைத்தாராம், நீ உள்ளே புகுந்து எடுத்துக்கொண்டாயாம். உன் பை இங்கேதான் இருக்கிறது. நான் அனுப்பிய கடிதங்களும் அதில் இருக்கின்றன. துணி அவ்வளவாக இல்லை.

நேற்றுக் காலையில் அந்தத் தோப்புக்குப் போனேன். எனக்கு ஜன்னல் அல்ல, கதவே திறந்தது. பேன்ட் சட்டை போட்டிருந்தேன் அல்லவா. ஒருவர் வெளியே வந்து, பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு, கைகுலுக்கினார். மினுங்கும் பட்டை அருமையான யோசனை என்று பாராட்டினார். என்னைப் பற்றி அன்பழகன் சொல்லியிருக்கிறான். அப்படி யாரும் இங்கே வரவில்லை சார் என்று அவரும் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போது நான் மாடியைப் பார்த்தேன். கொடியில் ஒரே ஒரு போர்வை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. மூலையில் வெள்ளைத் துணிப்பட்டை, அவிழாமல் இருந்தது. நான் பார்க்கிறேன் என்று அவரும் பார்த்தார். வெயில் ஏறுது சார், கிளம்புங்க என்றார்.

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன். அக்காவைக் காணவில்லை என்றேன். ஏட்டு எழுதிக்கொள்ளத் தயாராகத்தான் உட்கார்ந்தார். "எந்த வீட்டுலேர்ந்து காணாமப் போனாங்க?" என்று கேட்டார். ஜவுளிக்கடை வாசல் என்றேன். பேனாவை மூடிவிட்டார். அப்படி ரோட்டில் இருக்கிறவர்கள் இன்றைக்கு இங்கே, நாளைக்கு வேறு ஊர், எதை வைத்துக் காணவில்லை என்று எழுதுவது என்றார். அப்புறம் என் செருப்பையும் வாட்சையும் பார்த்துவிட்டு, "நீங்க அவங்களுக்கு யாரு சார்?" என்றார்.

"எங்கூடப் பொறந்த அக்கா சார்" என்றேன். அந்த அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன். "அப்புறம் ஏன் சார் ரோட்ல படுத்திருந்தாங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார்.

எழுதிக் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பொங்கல் கழித்து விசாரிப்பார்களாம். அன்பழகன் போனை எடுக்கவில்லை. பொங்கல் வரைக்கும் நான் காத்திருக்க முடியாது. அந்தக் கொடியைப் பார்த்த பிறகு முடியாது.

அம்மாவாசை தன் பக்கத்துச் சாக்கடை ஓரத்திலிருந்து ஒரு போர்வையை எடுத்துக் கொடுத்தான். மிக்கேல் அண்ணன் அலசி, அடுப்புச் சூட்டில் காய வைத்துக்கொண்டிருக்கிறார். என் சட்டையை அம்மாவாசைக்குக் கொடுத்துவிட்டு அவனுடையதைப் போட்டிருக்கிறேன். செருப்பு, வாட்ச், போன் எல்லாம் கல்லாவில். ஆண்களை வழியில் இறக்கிவிடுவார்கள் என்று அவன் சொல்கிறான். நான் தலையோடு போர்த்திக்கொண்டு, முக்காட்டை இறக்கிவிட்டு, உன் இடத்தில் படுக்கப்போகிறேன். பெண் என்று நினைக்கட்டும் என்று உன் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்துக்கொண்டேன். கேட்காமல் எடுத்ததற்குத் திட்டு.

காலையில் வேன் வந்து போயிருந்தால், இந்த ஊரிலுள்ள பத்திரிகைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் மிக்கேல் அண்ணன் போய்ச் சொல்லுவார். அவருக்கு எல்லாவற்றையும் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்க நாதி இல்லை என்று அன்பழகன் சொன்னானே, அதை மாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தேன், தரை சில்லென்று இருக்கிறது, அக்கா. நீ போர்வையை ஏன் கீழே விரித்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

இந்தக் கடிதம் உன் பையில் இருக்கும். எனக்கு முன்னால் நீ திரும்பி வந்து இதைப் படித்தால், மிக்கேல் அண்ணன் போனிலிருந்து கலைவாணியைக் கூப்பிடு. அறை காலியாக இருக்கிறது, ராஜாம்பாள் அம்மாவுக்கும் சேர்த்துத்தான். போனைக் குழந்தைகள் யாராவது எடுத்து, யார் பேசுவது என்று கேட்டால், அப்பாவோட அக்கா என்று சொல்.

நெடுமாறன்